முதலாளி நடத்திய ஊர்வலம்

ஊர்வலம் போனதற்காகச் சம்பளத்தை இழந்த தொழிலாளியை நமக்குத் தெரியும். கொடி பிடித்ததற்காக மெமோ வாங்கியவரைத் தெரியும். கூலி உயர்வு கேட்டுக் கூட்டம் போட்டதால் மறுநாள் நடவுக்கு அழைக்கப்படாத விவசாயத் தொழிலாளியையும் தெரியும். ஆனால் தோழர்களே, முதலாளியே லீவு கொடுத்து, அன்றைய சம்பளமும் கொடுத்து, பஸ்ஸும் அமர்த்தி, தொழிலாளியை ஊர்வலத்துக்கு அனுப்பி வைத்த அதிசயத்தைக் கேள்விப்பட்டதுண்டா?

அது நடந்தது அமெரிக்காவில். 1994-ம் வருஷம் மார்ச் மாதத்தில். எல்லா மக்களுக்கும் வைத்திய இன்ஷூரன்ஸ் கிடைக்கச் செய்யும் திட்டம் ஒன்றை ஜனாதிபதி கிளிண்டன் கொண்டுவந்திருந்தார். அதற்குப் பணம் வேண்டும். சிகரெட் பாக்கெட் ஒன்றுக்கு 24 செண்டாக இருந்த வரியை 99 செண்டாக உயர்த்துவது என்று யோசனை சொல்லப்பட்டது. உடனே வாஷிங்டன் நகர வீதிகளில் ஆயிரக்கணக்கான சிகரெட் ஆலைத் தொழிலாளர்களும் புகையிலை விவசாயிகளும் வந்து குவிந்தார்கள். வரி ஏறினால் ஆலை மூடும், வயல் காயும், குடும்பம் தெருவில் நிற்கும் என்று முழங்கினார்கள்.

வந்தவர்களைப் பரிகாசம் செய்ய நாம் இதை எழுதவில்லை. வேலை போய்விடுமே என்ற அவர்களுடைய பயம் மெய்யான பயம். பிள்ளை குட்டி உள்ளவனுக்கு அந்தப் பயம் என்னவென்று ஆலைத் தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் கேட்பது வேறு கேள்வி. கூலியில் ஒரு காசு ஏற்றிக் கேட்டால் போலீசைக் கூப்பிடும் முதலாளிக்கு, தொழிலாளியின் ஊர்வலத்தின் மேல் இவ்வளவு பிரியம் எங்கிருந்து வந்தது?

சொந்த முகம் செல்லாமல் போனதால்

புகையிலைக் கம்பெனிகள் முதலில் சொந்தப் பெயரிலேயே பேசிப் பார்த்தன. சிகரெட்டினால் புற்றுநோய் வருகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்லத் தொடங்கியதும், 1953 டிசம்பரில் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க்கில் ஒரு பெரிய ஹோட்டலில் கூடினார்கள். ஒரு பிரசாரக் கம்பெனியைக் கூலிக்கு அமர்த்தினார்கள். 1954 ஜனவரி 4-ந் தேதி, நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் வந்தது. சிகரெட் கெடுதல் என்று நிரூபணமாகவில்லை, மக்கள் நலனே எங்களுக்குப் பெரிது, நாங்களே ஆராய்ச்சி நடத்துவோம் என்பது அதன் சாரம்.

பத்து வருஷம் ஓடியது. 1964-ல் அமெரிக்க சர்க்காரின் தலைமை வைத்திய அதிகாரியே, சிகரெட் புற்றுநோய்க்குக் காரணம் என்று அறிக்கை வெளியிட்டுவிட்டார். அதற்குப் பிறகு கம்பெனிக்காரன் பேச்சை நம்புகிறவர்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. மேலே சொன்ன ஊர்வலம் நடந்ததற்கு அடுத்த மாதம், 1994 ஏப்ரல் 14-ந் தேதி, ஏழு சிகரெட் கம்பெனிகளின் தலைவர்கள் அமெரிக்க காங்கிரஸ் கமிட்டியின் முன்னால் வரிசையாகக் கை தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு, சிகரெட்டில் உள்ள நிகோடின் மனிதனை அடிமைப்படுத்துவதில்லை என்று தாங்கள் நம்புவதாகச் சொன்னார்கள். நாடே அதைக் கேட்டுக் காறித் துப்பியது.

தன் முகம் சந்தையில் செல்லாது என்று தெரிந்தவன் என்ன செய்வான்? அடுத்தவன் முகத்தை வாடகைக்கு எடுப்பான். சிகரெட் குடிக்கிறவன் முகம், ஹோட்டல்காரன் முகம், விவசாயி முகம், கடைசியில் தொழிலாளி முகம். ஒவ்வொன்றையும் அவர்கள் எப்படி எடுத்தார்கள் என்பதை நாம் ஊகமாகச் சொல்லவில்லை. 1998-ல் அமெரிக்காவின் 46 ராஜ்யங்கள் இந்தக் கம்பெனிகளோடு ஒரு பெரிய ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த ஒப்பந்தத்தினாலும் மினசோட்டா ராஜ்யம் நடத்திய வழக்கினாலும், கம்பெனிகளின் அந்தரங்கக் கடிதங்களும் குறிப்புகளும் கோடிக்கணக்கான பக்கங்கள் வெளியே வந்துவிட்டன.

கூட்டம் தயாரிக்கும் தொழில்

இங்கிலாந்தில் 1979-ல், புகை பிடிப்பவர்களின் சுதந்திரத்தைக் காக்க என்று ஒரு சங்கம் பிறந்தது. தலைவர், யுத்தத்தில் விமானம் ஓட்டிய ஓய்வு பெற்ற பெரிய தளபதி. சங்கத்துக்குப் பணம் பெரும்பாலும் சிகரெட் கம்பெனிகளிடமிருந்து.

அமெரிக்காவில் 1993-ல் தேசியப் புகைபிடிப்போர் கூட்டணி என்று ஒன்று கிளம்பியது. சாதாரண ஜனங்கள் தாங்களாகவே திரண்ட ஸ்தாபனம் என்று சொல்லிக்கொண்டது. லட்சக்கணக்கில் அங்கத்தினர்கள் என்று கணக்கும் காட்டியது. அதைப் பெற்றெடுத்தது பர்சன்-மார்ஸ்டெலர் என்ற பிரசாரக் கம்பெனி. பாலூட்டியது பிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனி. கூலிக்கு அமர்த்திய ஆட்கள் சாராயக் கடைகளிலும் விளையாட்டுக் கூடங்களிலும் புகை பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். பட்டியல் தயாராகிவிட்டால் வேலை சுலபம். எந்த ஊரில் கட்டுப்பாடு வருகிறதோ அந்த ஊர் அங்கத்தினருக்கு அச்சடித்த காகிதம் போகும். சட்டசபை மெம்பருக்கு இப்படி எழுது, அப்படிப் பேசு என்று அதில் சொல்லியிருக்கும். மெம்பரும், தன் தொகுதியே கொதிக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

கலிபோர்னியாவில் பெவர்லி ஹில்ஸ் என்ற பணக்கார ஊரில் 1987-ல் ஹோட்டல்களில் புகை பிடிக்கத் தடை வந்தது. உடனே அந்த ஊர் ஹோட்டல் முதலாளிகள் சங்கம் ஒன்று தோன்றி, வியாபாரம் 30 சதவிகிதம் விழுந்துவிட்டது என்று அலறியது. தடை தளர்ந்தது. விற்பனை வரிக் கணக்கைப் பார்த்தவர்கள் அப்படி ஒரு வீழ்ச்சியே இல்லை என்று காட்டினார்கள். தடை வருவதற்கு முன்னால் அப்படி ஒரு சங்கமே இருந்ததில்லை என்றும், அதைக் கூட்டியது சிகரெட் கம்பெனிகள்தான் என்றும் அச்சங்கத்தின் தலைவராக இருந்தவரே பின்னால் சாட்சியம் சொன்னார்.

அதே கலிபோர்னியாவில் 1994-ல் இன்னும் துணிச்சலாக ஒரு வேஷம் கட்டினார்கள். ஊர்ச் சபைகள் போட்டிருந்த கடுமையான விதிகளை ரத்து செய்து, அவற்றின் இடத்தில் தளர்ந்த ஒரு சட்டத்தைக் கொண்டுவர ஜன வாக்கெடுப்புக்கு மனுப் போட்டார்கள். மனுவை முன்வைத்த கமிட்டியின் பெயர் என்ன தெரியுமா? புகை பிடிப்பதற்கு ராஜ்யம் முழுவதும் கட்டுப்பாடு கோரும் கலிபோர்னியர்கள்! புகையை எதிர்க்கிறவர்கள் கூட நல்ல காரியம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். இதற்குக் கம்பெனிகள் இறைத்தது ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல். ஆனால் பணம் யாருடையது என்ற சேதி வாக்கெடுப்புக்கு முன்னால் மக்களுக்கு எட்டிவிட்டது. பத்தில் ஏழு பேர் எதிர்த்து வாக்களித்துத் தூக்கி எறிந்தார்கள். கூட்டத்தை வாங்கலாம், வாங்கிய ரசீது வெளியே தெரிந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்பதற்கு இது அத்தாட்சி.

விவசாயியின் பெயரால்

1978-ல் அமெரிக்க சுகாதார மந்திரி சிகரெட்டுக்கு எதிராக ஒரு பிரசாரம் தொடங்கினார். அதே வருஷம் ரெய்னால்ட்ஸ் கம்பெனி, புகையிலையைப் பற்றிப் பெருமைப்படுவோம் என்று விவசாயிகளிடையே எதிர்ப் பிரசாரம் தொடங்கியது. வண்டிகளில் ஒட்டக் காகிதம், தலைக்குத் தொப்பி, சாலையோரம் விளம்பரப் பலகை எல்லாம் இலவசம். வட கரோலினா கிராமங்களில் விவசாயி தொப்பியைப் போட்டுக்கொண்டு, கம்பெனியும் தானும் ஒரே குடும்பம் என்று நம்பினார்.

குடும்பம் எப்படி நடந்தது? ஒரு கையால் தொப்பி கொடுத்த கம்பெனிகள் மறு கையால் பிரேசிலிலும் மலாவியிலும் மலிவு இலையை வாங்கிக் குவித்தன. 1954-ல் அமெரிக்காவில் புகையிலை பயிரிட்ட பண்ணைகள் 5 லட்சத்துக்கு மேல். 2002-ல் சுமார் 57,000. 2012-ல் சுமார் 10,000. வரியும் சுகாதாரச் சட்டமும்தான் இதற்குக் காரணம் என்று கம்பெனி சொல்லும். இயந்திரமும், வெளிநாட்டு இலையும், சின்னப் பண்ணையைப் பெரிய பண்ணை விழுங்கியதும் எங்கே போயின? 2000-ல் விவசாயிகளே கம்பெனிகளின் மேல் கோர்ட்டுக்குப் போனார்கள். ஏலத்தில் சேர்ந்து சதி செய்து இலை விலையை அமுக்கினார்கள் என்பது புகார். 2003-ல் பெரும்பாலான கம்பெனிகள் சுமார் 20 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டன. தொப்பி கொடுத்தவன் பையில் கை வைத்ததைத் தொப்பி போட்டவர் கண்டுகொள்ள இத்தனை வருஷம் ஆயிற்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஊர்வலங்களில் விவசாயி என்று முன்னால் நிறுத்தப்பட்டவர் நிலம் உள்ளவர். இலையைப் பறிக்கும் கூலிக்காரர் அதில் இல்லை. பனியில் நனைந்த புகையிலையைத் தொட்டுப் பறிக்கும்போது அதிலுள்ள நிகோடின் தோல் வழியாக உடம்பில் ஏறும். தலை சுற்றும், வாந்தி வரும், சோறு இறங்காது. இதற்குப் பச்சைப் புகையிலை நோய் என்றே பெயர். வட கரோலினாவில் இந்த வேலையைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகோவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுடைய விவசாயத் தொழிலாளர் சங்கம் 2007-ல் ரெய்னால்ட்ஸ் கம்பெனியிடம் பேச்சு வார்த்தைக்கு வா என்று இயக்கம் தொடங்கியது. கம்பெனி என்ன சொல்லிற்று? அவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல, பண்ணைக்காரரின் ஆட்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிற்று. சட்டசபைக்கு முன்னால் நிற்கப் புகையிலை மக்கள் எல்லாரும் ஒரே குடும்பம். கூலி கேட்டு வந்தால் யாரோ எவரோ!

உலக அளவிலும் இதே கதைதான். 1984-ல் சர்வதேசப் புகையிலை விவசாயிகள் சங்கம் ஏற்பட்டது. ஏழை நாட்டு விவசாயியின் குரல் என்று சொல்லி உலக சபைகளில் வாதாடியது. அந்தக் குரலுக்குப் பின்னால் கம்பெனிப் பணமும் கம்பெனி யோசனையும் இருந்ததை, உலக சுகாதார ஸ்தாபனம் நியமித்த நிபுணர் குழு 2000-ல் அந்தக் கம்பெனிக் கடிதங்களைக் கொண்டே அம்பலப்படுத்தியது.

சங்கத்தின் வாசலில்

எல்லாவற்றிலும் நமக்கு முக்கியமானது இனிமேல் சொல்லப்போவது.

1984-ல் சிகரெட் முதலாளிகள் தொழிற்சங்கத்தின் கதவைத் தட்டினார்கள். புகையிலைத் தொழில் தொழிலாளர்-நிர்வாகக் கமிட்டி என்று ஒன்று அமைந்தது. ரொட்டி, மிட்டாய், புகையிலைத் தொழிலாளர் சங்கத்தோடு இயந்திரத் தொழிலாளர், தச்சர், தகரத் தொழிலாளர் முதலிய சங்கங்களும் அதில் சேர்ந்தன. பணம் முதலாளிகளுடையது.

அந்தக் கமிட்டி சொன்ன வாதங்கள் என்ன? ஒன்று, சிகரெட் வரி ஏழையைத் தாக்கும் வரி என்பது. கோடீஸ்வரனும் கூலிக்காரனும் ஒரு பாக்கெட்டுக்கு ஒரே வரிதான் கொடுக்கிறார்கள். ஆகவே வருமானத்தில் ஏழைக்கே பாரம் அதிகம். இன்னொன்று, வேலை செய்யும் இடத்தில் காற்று கெடுவது சிகரெட்டினால் மட்டுமல்ல, கட்டடத்தில் காற்றோட்டம் சரியில்லாததால்தான் என்பது. காற்றுக் குழாய்களைச் செய்து மாட்டுவது தகரத் தொழிலாளர்களின் வேலை. காற்றோட்டத்தைச் சீர் செய்யச் சொன்னால் அவர்களுக்கு வேலை கிடைக்கும். பாருங்கள், எவ்வளவு கணக்காக வலை விரித்திருக்கிறார்கள்!

இந்த வாதங்கள் சுத்தப் பொய் என்றால் சங்கங்கள் ஏமாந்திருக்கமாட்டா. மறைமுக வரி ஏழையின் முதுகில் ஏறுகிறது என்பது நாமே மேடைக்கு மேடை சொல்வதுதான். ஆலையில் காற்றோட்டம் இல்லாமல் பஞ்சுத் தூசியில் மூச்சுத் திணறுவதும் நமக்குத் தெரிந்ததுதான். முதலாளி நம்முடைய நியாயத்தையே எடுத்து, அதில் பாதியை வெட்டி, மீதிப் பாதியைத் தன் காரியத்துக்கு உபயோகித்தான். ஏழை மேல் வரி வேண்டாம் என்றால், பணக்காரன் மேல் போடு என்று சொல்ல வேண்டாமா? அந்த வரி எந்த வைத்தியத்துக்காகக் கேட்கப்பட்டதோ, அந்த வைத்தியம் இல்லாமல் சாகிறவன் யார்? வேலை போகும் என்றால், வேலைக்கு என்ன உத்தரவாதம் என்று முதலாளியிடம் எழுதி வாங்க வேண்டாமா? கமிட்டியின் பேச்சில் இந்த மீதிப் பாதிக்கு இடமில்லை.

உத்தரவாதம் இல்லாததன் பலனைப் பின்னால் கண்டார்கள். பிலிப் மோரிஸ் கம்பெனி கெண்டக்கியில் லூயிவில் நகரத்து ஆலையை 2000-ல் மூடியது. வட கரோலினாவில் இருந்த பெரிய ஆலையை மூடப்போவதாக 2007-ல் அறிவித்து, உற்பத்தியை வேறு ஊருக்கு மாற்றியது. லாபக் கணக்கைப் பார்த்து ஆலையை மூடும்போது லீவும் பஸ்ஸும் கொடுத்து யாரும் ஊர்வலம் நடத்தவில்லை.

வின்ஸ்டன்-சேலம் சொல்லும் பாடம்

சங்கத்தின் கதவைத் தட்டிய கை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் நாற்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் என்ற ஊர். ரெய்னால்ட்ஸ் கம்பெனியின் கோட்டை. இலையின் நடு நரம்பைக் கிழித்தெடுக்கும் வேலையைக் கறுப்பினப் பெண்கள் செய்தார்கள். தூசி, வெக்கை, கால் கடுக்க நிற்கும் வேலை, தலைக்கு மேல் மேஸ்திரியின் அதட்டல். 1943 ஜூன் 17-ந் தேதி, உடம்பு சரியில்லாத ஒரு தொழிலாளி, வீட்டுக்குப் போக அனுமதி கிடைக்காமல், வேலை செய்த இடத்திலேயே விழுந்து இறந்தார். பெண்கள் கை வேலையை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்தார்கள். யாரும் பஸ் அனுப்பவில்லை. யாரும் தொப்பி கொடுக்கவில்லை. சில நாளில் பல ஆயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள்.

அந்தப் போரிலிருந்து 22-வது கிளைச் சங்கம் எழுந்தது. 1944-ல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தது. கூலி உயர்ந்தது. கறுப்பு மக்களை வாக்காளராகப் பதிவு செய்யும் வேலையையும் சங்கம் எடுத்துக்கொண்டது. 1947-ல் அந்த நகர சபைக்குக் கறுப்பினப் பாதிரியார் ஒருவர், வெள்ளையரைத் தோற்கடித்து மெம்பரானார். அதே வருஷம் மே முதல் தேதி தொடங்கி முப்பத்தெட்டு நாள் வேலை நிறுத்தம். மகா பாடகர் பால் ராப்ஸன் நேரில் வந்து அவர்களுக்காகப் பாடினார். சங்கத்தை வளர்த்தவர்களில் கம்யூனிஸ்டுகள் பலர். மொராண்டா ஸ்மித் என்ற ஆலைத் தொழிலாளப் பெண், தென் பிராந்தியம் முழுவதற்கும் சங்கப் பொறுப்பாளராக உயர்ந்தார்.

இது சொந்தக் காலில் நின்ற கூட்டம். ஆகவே இதை உடைக்க எல்லாரும் கூடினார்கள். சிவப்பு அபாயம் என்று பத்திரிகைகள் ஊளையிட்டன. அமெரிக்க காங்கிரஸின் விசாரணைக் கமிட்டி சங்கத் தலைவர்களைக் கூண்டில் ஏற்றியது. நரம்பு கிழிக்கும் இயந்திரங்கள் வந்து, சங்கத்தின் உயிர்நாடியாக இருந்த பெண்களின் வேலையைத் தின்றன. மத்திய தொழிற்சங்கத் தலைமையே தாய்ச் சங்கத்தை வெளியே தள்ளியது. 1950-ல் நடந்த வாக்கெடுப்பில் மிகச் சொற்ப வித்தியாசத்தில் 22-வது கிளை தோற்றது. அதே வருஷம் ஏப்ரலில் மொராண்டா ஸ்மித் 34 வயதில் காலமானார். அதற்குப் பிறகு அந்த ஆலையில் சங்கம் வேர் பிடிக்கக் கம்பெனி விடவேயில்லை.

தொழிலாளி தானாகக் கூடினால் சங்கத்தை உடைக்கும் கம்பெனிகள், தங்களுக்காகக் கூடும்போது கமிட்டி அமைத்துப் பணமும் கொடுத்தன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தொழிலாளியின் கூட்டத்துக்கு உள்ள சக்தியை நம்மை விட நன்றாக அறிந்திருப்பவன் முதலாளி. எதிரே நின்றால் நொறுக்க வேண்டும், பக்கத்தில் நின்றால் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பது அவனுடைய கணக்கு.

நமக்கு இதில் என்ன?

இது தூர தேசத்துச் சங்கதி என்று விட்டுவிட முடியாது. நம் நாட்டில் சிகரெட், பீடிக் கட்டுகளின் மேல் 85 சதவிகித இடத்தில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று சர்க்கார் விதி செய்தது. 2015-ல் ஒரு பார்லிமெண்ட் கமிட்டி அதை நிறுத்தி வைக்கச் சொன்னது. அந்தக் கமிட்டியில் பீடி வியாபாரம் உள்ள எம்.பி. ஒருவரே மெம்பராக இருந்தார். 2016 ஏப்ரலில் விதி அமலுக்கு வந்ததும் சிகரெட் கம்பெனிகள் ஆலைகளை மூடின. விவசாயி என்ன ஆவான், பீடி சுற்றும் பெண் என்ன ஆவாள் என்று முதலாளிகள் கண்ணீர் விட்டார்கள். திருநெல்வேலிச் சீமையில் முற்றத்தில் உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்து, ஆயிரம் பீடி சுற்றி எண்ணிக் கொடுக்கும் பெண்ணுக்கு, கழிவு என்று பீடியைத் தள்ளும்போது இந்தக் கண்ணீர் எங்கே இருந்தது?

அந்தப் பெண்ணின் வேலை நமக்குப் பெரிது. அதனால்தான் அந்த வேலையை முதலாளியின் கேடயமாகக் கொடுக்கக்கூடாது என்கிறோம். கேரளத்தில் 1966-ம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டத்தை 1968-ல் அமல் செய்ய முற்பட்டபோது, முதலாளிகள் கடையை மூடிக்கொண்டு போனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். முதலாளியின் காலில் விழுந்து சட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. 1969-ல் சர்க்கார் உதவியோடு கண்ணூரில் தினேஷ் பீடிக் கூட்டுறவு சங்கத்தை ஆரம்பித்தார்கள். பின்னால் பீடி விற்பனை விழுந்தபோது உணவுப் பண்டம், குடை என்று வேறு தொழில்களைத் தொடங்கி ஆட்களைக் காக்க முயன்றார்கள். அமெரிக்காவிலும் 1998-ல் புகையிலை விவசாயிகளில் ஒரு பகுதியினர், தாங்கள் எதிரி என்று நினைத்திருந்த சுகாதார ஸ்தாபனங்களோடு உட்கார்ந்து, விவசாயியின் பிழைப்பும் மக்களின் ஆரோக்கியமும் சேர்ந்தே காக்கப்பட வேண்டும் என்று பொதுக் கொள்கை வகுத்தார்கள். கம்பெனியைத் தாண்டியும் வழி உண்டு.

ஆகவே தோழர்களே, நாளை உங்கள் ஆலை வாசலிலோ களத்து மேட்டிலோ யாராவது வந்து, உன் வேலைக்கு ஆபத்து, எங்களோடு ஊர்வலம் வா என்றால், நாலு கேள்வி கேளுங்கள். பஸ்ஸுக்குப் பணம் யார் கொடுத்தது? கோஷத்தை எழுதியது யார்? கோரிக்கையில் நம் கூலியும் வேலை உத்தரவாதமும் இருக்கிறதா? ஊர்வலம் முடிந்த மறுநாள், மேஸ்திரி நம்மை வெளியே தள்ளினால் இவர்கள் கூட நிற்பார்களா?

நாலுக்கும் நேரான பதில் வந்தால் போங்கள். வராவிட்டால், அந்தப் பஸ் காலியாகவே திரும்பிப் போகட்டும். நம்முடைய ஊர்வலத்துக்கு நாம் நடந்தே போவோம். சம்பளத்தை வெட்டினாலும் போவோம்.